தாத்தா நிலம் பேரன், பேத்தி பெயருக்கு வந்தால் அம்மாவின் உரிமைத்தொகை நின்றுவிடுமா? பெரம்பலூர், அரியலூர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

"பட்டாவை மாத்தினா ஆயிரம் ரூபா நின்னுடுமாமே?" பெரம்பலூர், அரியலூர் மாவட்ட கிராமங்களில் இ-சேவை மைய வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாத்தா இறந்திருப்பார். அப்பா அதற்கு முன்பே போயிருப்பார். கல்லூரி முடித்த பேரனுக்கோ, படித்துக்கொண்டிருக்கும் பேத்திக்கோ நிலத்தில் பங்கு வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வீட்டில் பயம் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை, பாட்டியின் முதியோர் ஓய்வூதியம், ரேஷன், காப்பீடு எல்லாம் போய்விடுமோ என்று.

இந்தப் பயத்தில் பலர் பட்டாவை இறந்தவர் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். சில வீடுகளில் பெண் பிள்ளையிடம் "நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு" என்று கேட்கிறார்கள். இரண்டுமே பின்னால் பெரிய நஷ்டத்தில் முடியலாம். உண்மையில் எந்தத் திட்டம் பாதிக்கும், எது பாதிக்காது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

• சொத்து வந்தாலே உதவிகள் எல்லாம் நின்றுவிடாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

• மகளிர் உரிமைத்தொகையில் ரேஷன் அட்டையில் உள்ள எல்லோரும் ஒரே குடும்பம். பிள்ளையின் நிலமும் கணக்கில் வரும்.

• பி.எம். கிசானில் 18 வயது தாண்டிய பிள்ளை தனிக் குடும்பம். அங்கே சொத்து வருவது லாபமாகவே முடியலாம்.

• முதியோர் ஓய்வூதியத்தில் பார்ப்பது முக்கியமாக அந்த முதியவரின் நிலையை.

• பட்டா மாற்றாமல் விடுவது தீர்வு இல்லை.

பேரனுக்கு நேரடியாகச் சொத்து வருவது எப்படி?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சுயசம்பாத்திய சொத்து முதல்நிலை வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல்நிலை வாரிசுகள். மகன் முன்பே இறந்திருந்தால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த மகனின் பங்கைப் பெறுவார்கள்.

ஒரு உதாரணம். வேப்பந்தட்டை பக்கம் ஒரு தாத்தாவுக்கு 12 ஏக்கர் புன்செய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் ஏற்கெனவே இறந்துவிட்டார். நிலம் நான்கு பங்காகும். பாட்டிக்கு 3 ஏக்கர், மகனுக்கு 3, மகளுக்கு 3, இறந்த மகனின் குடும்பத்துக்கு 3. அந்தக் கடைசி 3 ஏக்கர் இறந்தவரின் மனைவி, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு 1 ஏக்கர்.

பலர் தவறவிடும் இடம் இதுதான். "பேரன் சொத்து" என்று ஊரில் சொல்வதில் அம்மாவுக்கும் பேத்திக்கும் சமபங்கு இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் கணக்கு மாறும். ஆனால் அங்கேயும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தமும், 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தமும், 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் இதை உறுதி செய்கின்றன.

லப்பைக்குடிகாடு போன்ற ஊர்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் முறையும், ஏலாக்குறிச்சி, வரதராஜன்பேட்டை பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தும். பங்குக் கணக்கு அங்கே வேறு. ஆனால் பங்கு கைக்கு வந்தபிறகு நலத்திட்ட விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

உரிமைத்தொகை: குடும்பம் என்றால் ரேஷன் அட்டை

கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்த திட்டம். சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. முதற்கட்டத்தில் 1.06 கோடிக்கும் அதிகமான பெண்கள் தேர்வானார்கள். அதாவது, தகுதி விதியில் சிக்கி வெளியே நின்றவர்களும் லட்சக்கணக்கில் உண்டு.

தொடங்கியபோது அரசு அறிவித்த முக்கிய பொருளாதாரத் தகுதிகள் மூன்று. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருக்க வேண்டும். நிலம் 5 ஏக்கருக்குக் குறைவான நன்செய் அல்லது 10 ஏக்கருக்குக் குறைவான புன்செய்யாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

இதில் "குடும்பம்" என்றால் யார்? ஒரே ரேஷன் அட்டையில் பெயர் உள்ள அனைவரும். மகனுக்கு 18 ஆனாலும் சரி, 25 ஆனாலும் சரி, அவர் பெயர் அம்மாவின் அட்டையில் இருந்தால் அவர் நிலமும் அவர் வருமானமும் அந்தக் குடும்பக் கணக்கில்தான் வரும்.

மேலே சொன்ன உதாரணத்தையே தொடரலாம். இறந்த மகனின் குடும்பத்துக்கு ஏற்கெனவே 6 ஏக்கர் புன்செய் இருக்கிறது. இப்போது தாத்தா வழியாக 3 ஏக்கர் வருகிறது. மொத்தம் 9 ஏக்கர். வரம்புக்குள்தான் இருக்கிறது, நிலத்தைக் காரணம் காட்டி உரிமைத்தொகையை நிறுத்த முடியாது.

அதே தாத்தா 12 ஏக்கரையும் பேரன் பெயருக்கே உயில் எழுதியிருந்தால்? 6-உடன் 12 சேர்ந்து 18 ஏக்கர். வரம்பு தாண்டிவிட்டது. அம்மா தகுதியை இழக்கிறார். நிலம் பேரன் பெயரில்தானே இருக்கிறது, அம்மா பெயரில் இல்லையே என்ற வாதம் இங்கே எடுபடாது.

பேத்திக்குத் திருமணமாகி, பெயர் கணவர் வீட்டு ரேஷன் அட்டைக்கு மாறியிருந்தால் அவர் பங்கு பிறந்த வீட்டுக் கணக்கில் வராது. புகுந்த வீட்டுக் கணக்கில் சேரும். அதனால் மாமியார் வீட்டிலும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

"அப்போ பிள்ளை பெயரை அட்டையிலேர்ந்து எடுத்துடலாமா?" என்ற யோசனை உடனே வரும். உண்மையிலேயே தனியாகச் சமைத்து, தனியாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் தனி அட்டை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்துகொண்டு காகிதத்தில் மட்டும் பிரிந்தால் கள ஆய்வில் விண்ணப்பம் நிற்கும்.

நன்செய்யா, புன்செய்யா? பட்டாவைப் படியுங்கள்

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் நிலத்தில் பெரும்பகுதி புன்செய். அரியலூரில் திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையோரம் நெல் விளையும் நன்செய். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கம் முந்திரிக்காடுகள் நிற்பது பெரும்பாலும் புன்செய்யில்.

ஆகவே இரண்டு மாவட்டங்களுக்கும் வரம்பு நடைமுறையில் வேறு வேறாக வந்து நிற்கிறது. குன்னத்தில் 7 ஏக்கர் வைத்திருப்பவர் தப்பிக்கலாம். திருமானூரில் 5 ஏக்கர் வைத்திருப்பவர் மாட்டிக்கொள்ளலாம்.

கிணறு வெட்டி, மோட்டார் போட்டு, நெல்லே நட்டாலும் வருவாய்ப் பதிவேட்டில் புன்செய் என்று இருந்தால் அது புன்செய்தான். ஊரார் பேச்சை நம்ப வேண்டாம். அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா-சிட்டாவைப் பார்த்தால் நன்செய், புன்செய் என்று தனித்தனிப் பத்தி இருக்கும்.

இன்னொரு குழப்பம் அளவு. பட்டாவில் பரப்பு ஏக்கரில் இருக்காது, ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 1 ஹெக்டேர் என்பது சுமார் 2.47 ஏக்கர். 1 ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். 5 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 2.02 ஹெக்டேர். 10 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 4.05 ஹெக்டேர். "4 ஹெக்டேர்னு போட்டிருக்கு, நாலு ஏக்கர்தான்" என்று நினைத்துவிட்டால் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும்.

கூட்டுப் பட்டாவில் எல்லாப் பங்காளிகளின் நிலமும் ஒரே பட்டா எண்ணில் இருக்கும். பெரியப்பா, சித்தப்பா நிலமும் சேர்ந்தே தெரியும். நம் பங்கு எவ்வளவு என்று காட்ட பாகப்பிரிவினைப் பத்திரமோ, உட்பிரிவு செய்த தனிப் பட்டாவோ இருந்தால் பிரச்சினை வந்தாலும் பேச முடியும்.

நிலம் மட்டும் இல்லை, டிராக்டரும் சொத்துதான்

உரிமைத்தொகைத் திட்டத்தில் தகுதியிழப்புப் பட்டியல் ஒன்று உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பங்கள் அதில் அடக்கம். தாத்தாவின் பழைய டிராக்டரைப் பேரன் தன் பெயருக்கு மாற்றினால் வாகனப் பதிவில் அவர் பெயர் வந்துவிடும். நிலத்தைவிட இதுதான் பல குடும்பங்களுக்குச் சிக்கல்.

அதற்காக இறந்தவர் பெயரிலேயே வண்டியை ஓட்டுவதும் ஆபத்து. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் வரும்.

அடுத்தது பணம். நிலத்தை விற்று வந்த தொகையோ, வாரிசாகக் கிடைத்த வங்கி வைப்புத்தொகையோ, இழப்பீடோ பிள்ளையின் கணக்கில் விழுந்தால் என்னவாகும்? இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி கிடையாது. இருந்த எஸ்டேட் தீர்வையும் 1985-இல் ரத்தாகிவிட்டது. வாரிசாக வரும் தொகையை வருமானமாகவும் கருதுவதில்லை. ஆனால் அந்தத் தொகை வங்கியில் ஈட்டும் வட்டி வருமானம். 5 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். குடும்ப வருமானத்தில் இது சேரும்.

மனையையோ வீட்டையோ விற்றால் மூலதன ஆதாய வரிக் கணக்கு வரும். கிராமப்புற விவசாய நிலத்துக்கு அந்த வரி இல்லை. ஆனால் நகராட்சி எல்லையை ஒட்டிய நிலத்துக்கு வரலாம். வருமான வரி கட்டுபவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றாலே உரிமைத்தொகை, பி.எம். கிசான் இரண்டிலும் சிக்கல். அதனால் விற்பதற்கு முன்பு ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது.

இந்தப் பகுதியில் இது கற்பனைக் கணக்கு இல்லை. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் நிலம் எடுக்கப்பட்டு, இழப்பீட்டு வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. அரியலூரில் சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் தேவைக்காக நிலங்கள் கைமாறுகின்றன. இவ்வளவு நீளும் விவகாரங்களில் நிலம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பணம் அடுத்த தலைமுறையின் கணக்கில்தான் வந்து விழும்.

பி.எம். கிசான்: இங்கே மகன் வேறு குடும்பம்

ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. 2019 பிப்ரவரி 24-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். இதில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அவ்வளவுதான். 18 தாண்டிய பிள்ளை தனி.

ஆக, ஒரே ரேஷன் அட்டையில் இருக்கும் அம்மாவும் 22 வயது மகனும் உரிமைத்தொகைக்கு ஒரு குடும்பம், பி.எம். கிசானுக்கு இரண்டு குடும்பம். இருவர் பெயரிலும் தனித்தனியாகச் சாகுபடி நிலம் இருந்து, மற்ற விதிகளிலும் பொருந்தினால் இருவருமே விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு முக்கியமான விதி. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான் பணம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதன்பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்கு இது தடை. ஆனால் நில உரிமையாளர் இறந்து, வாரிசு அடிப்படையில் பெயர் மாறினால் விதிவிலக்கு உண்டு. அதனால் பேரன் விண்ணப்பிக்கும்போது தாத்தாவின் இறப்புச் சான்றும், நிலம் வாரிசாக வந்ததற்கான ஆவணமும் மிக முக்கியம்.

தாத்தா இறந்தபிறகும் அவர் கணக்கில் தவணை விழுந்துகொண்டிருந்தால் எடுத்துச் செலவு செய்யாதீர்கள். தகவல் சொல்லி நிறுத்த வேண்டும். 2020-இல் இந்தத் திட்டத்தில் தகுதியில்லாதவர்களைச் சேர்த்து 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்தது தமிழ்நாட்டில் வெளிவந்தபோது, பணம் பெற்றவர்களின் வங்கிக் கணக்குகளில் இருந்தே தொகை திரும்ப எடுக்கப்பட்டது.

பாட்டியின் ஓய்வூதியம் என்னாகும்?

முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட்டில் மாதம் 1,000-இலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆதரவற்றவர் என்பதுதான் இதன் அடிப்படை. மாநில அரசின் திட்டங்களில் பயனாளியின் நிலையான சொத்து மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அரசு இலவசமாகக் கொடுத்த வீடு அதில் சேராது.

பேரனுக்கு 1 ஏக்கர் வந்தது பாட்டியின் சொத்து ஆகாது. ஆனால் அதே பாகப்பிரிவினையில் பாட்டிக்கும் 3 ஏக்கர் வருகிறதே? அதுதான் அவருடைய ஓய்வூதியத்தைத் தொடும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் ஆய்வுக்கு வரும்போது, யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியும் வரலாம்.

ஓய்வூதியம் போய்விடும் என்று பாட்டியின் பங்கைப் பேரன் பெயருக்கு எழுதி வாங்கும் வீடுகள் உண்டு. 1,200 ரூபாய்க்காக 3 ஏக்கரைக் கொடுப்பது பாட்டிக்கு லாபமா என்று யோசிக்க வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்தாலும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-இன்படி அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

வீட்டில் முதியவர் ஓய்வூதியம் வாங்கினால் மருமகளுக்கு உரிமைத்தொகை கிடையாதா? ஆரம்பத்தில் அப்படித்தான் விதி இருந்தது. 2023 ஆகஸ்ட்டில் அது தளர்த்தப்பட்டது. ஓய்வூதியம் வாங்கும் வீட்டில் உள்ள தகுதியான மற்ற பெண்ணும் விண்ணப்பிக்கலாம்.

ரேஷன், காப்பீடு, வீடு, படிப்பு

ரேஷன்: தமிழ்நாட்டில் அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் அரிசி உண்டு. நிலம் வந்ததால் அரிசி நிற்காது. ஆனால் 2017-இல் வெளியான மாநில உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ள குடும்பம் "முன்னுரிமை" வகையில் வராது. அட்டையின் வகை மாறலாம்.

காப்பீடு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம் ரூபாய். இங்கே பார்ப்பது சொத்தை இல்லை, வருமானத்தை. ஆனால் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது விவசாய வருமானமும் கேட்கப்படும். நிலம் கூடினால் அந்த மதிப்பீடு கூட வாய்ப்பு உண்டு.

வீடு: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கப்படுகிறது. அதற்குச் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். தாத்தா மனை பேரன் பெயருக்கு வருவது இங்கே உதவிதான். பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் மட்டும் கவனம் தேவை. 2.5 ஏக்கர் பாசன நிலமோ, 5 ஏக்கர் மானாவாரி நிலமோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி போய்விடும்.

உழவர் நலன்: முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் 2.5 ஏக்கருக்கு மிகாத நன்செய் அல்லது 5 ஏக்கருக்கு மிகாத புன்செய் உள்ளவர்கள் உறுப்பினர் ஆகலாம். பெரிய பட்டா பிரிந்து சின்னப் பங்காகும்போது பிள்ளைக்குச் சிறு, குறு விவசாயி சான்று கிடைக்க வழி பிறக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருப்பதால் பெரம்பலூர் போன்ற வறண்ட மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

படிப்பு: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவர்கள் பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி. பரம்பரைச் சொத்து அதைத் தொடாது.

"பட்டா மாத்தாமலே விட்டுட்டா?"

இதுதான் பலரும் எடுக்கும் முடிவு. கணக்குப் போட்டால் இதில் நஷ்டமே அதிகம்.

முதலில், பட்டா மாறாவிட்டாலும் தாத்தா இறந்த அன்றே வாரிசு உரிமை வந்துவிடுகிறது. பட்டா ஒரு வருவாய் ஆவணம், அவ்வளவே. "என் பெயருக்கு இன்னும் மாறவில்லை, அதனால் எனக்குச் சொத்து இல்லை" என்று சொல்ல முடியாது.

அடுத்து, இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் பேரனால் பி.எம். கிசான் வாங்க முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியாது. பயிர்க் காப்பீட்டிலும், மழை வெள்ளத்தில் பயிர் அழுகும்போது வரும் நிவாரணத்திலும் இழுபறிதான். 2025 முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் பணியும் நடக்கிறது. ஆதாரையும் நில ஆவணத்தையும் இணைத்துத்தான் அந்த எண். இறந்தவருக்கு அது கிடைக்காது.

உரிமைத்தொகையாக ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது, உண்மை. வருமானமே இல்லாத ஒரு தாய்க்கு அது பெரிய தொகை. ஆனால் மேலே பார்த்தபடி, பங்கு பிரிந்தபிறகு பெரும்பாலான சிறு குடும்பங்கள் வரம்பைத் தாண்டுவதே இல்லை. தாண்டாத வரம்புக்குப் பயந்து பட்டாவை முடக்கி வைத்தால், அடுத்த தலைமுறையில் வாரிசு எண்ணிக்கை கூடும், கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் சென்னை, திருப்பூர், துபாய் என்று சிதறியிருப்பார்கள். அப்போது செலவும் அலைச்சலும் பல மடங்கு.

மகளிடம் விடுதலைப் பத்திரம் கேட்கும்போது

"உன் பேர்ல நிலம் வந்தா அம்மாவுக்கு வர்ற பணம் போயிடும். தம்பிக்கு எழுதிக் கொடுத்துடு" என்று ஒரு பெண்ணிடம் கேட்டால், ஒரு விஷயத்தை அவர் கவனிக்க வேண்டும். ஒரே ரேஷன் அட்டையில் அக்காவும் தம்பியும் இருந்தால், நிலம் யார் பெயரில் இருந்தாலும் குடும்ப மொத்தம் மாறாது. அக்காவின் 1 ஏக்கர் தம்பிக்குப் போனாலும் கணக்கில் அதே 1 ஏக்கர்தான். அம்மாவின் உரிமைத்தொகைக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை.

அக்கா திருமணமாகி வேறு அட்டையில் இருந்தால் கதை இன்னும் தெளிவு. அவர் பங்கு அவரிடமே இருந்தால்தான் அம்மா வீட்டுக் கணக்கு குறையும். தம்பிக்கு எழுதிக் கொடுத்தால் கூடும். விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவானால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கையெழுத்து போடுவதற்கு முன் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

பணம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

உரிமைத்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தோடு குறுஞ்செய்தி வரும். 30 நாளுக்குள் இ-சேவை மையம் மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பதே திட்டம் தொடங்கியபோது அறிவித்த முறை. பெரம்பலூர் மாவட்டத்துக்குப் பெரம்பலூர் கோட்டாட்சியர். அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம் என இரண்டு கோட்டங்கள்.

விண்ணப்பத்தோடு வருமானச் சான்றோ நில ஆவணமோ கேட்கவில்லை. அரசிடம் உள்ள தரவுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். அதனால் தவறு நடக்கும் இடமும் அதுவே. பங்காளி நிலம் சேர்ந்து தெரியலாம், எப்போதோ விற்ற வண்டி இன்னும் நம் பெயரில் இருக்கலாம். சரியான ஆவணம் கையில் இருந்தால் மேல்முறையீட்டில் பேச முடியும்.

வெளிநாட்டில் எப்படி?

இந்தக் குழப்பம் இங்கே மட்டும் இல்லை. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை வாங்குபவரிடமோ அவர் துணையிடமோ 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் உதவி நிற்கும். ஆனால் வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கு வந்த பரம்பரைச் சொத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவிக்குத் தனிநபர் வைத்திருக்கக்கூடிய சொத்து வரம்பு 2,000 டாலர்தான். யாரைக் குடும்பம் என்று எண்ணுவது, எதைச் சொத்து என்று எண்ணுவது என்ற இரண்டு கேள்விகளில்தான் ஒவ்வொரு நாடும் மாறுபடுகிறது. நமக்கோ ஒரே ஊரில், ஒரே வீட்டுக்குள் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது.

எந்த வரிசையில் செய்யலாம்?

1. இறப்புச் சான்று, அடுத்து இ-சேவை மூலம் வட்டாட்சியரின் வாரிசுச் சான்று வாங்குங்கள்.

2. தாத்தா பெயரில் உள்ள எல்லா பட்டாக்களையும் எடுத்து நன்செய், புன்செய், ஹெக்டேர் கணக்கை ஏக்கராக மாற்றி எழுதுங்கள்.

3. யார் எந்த ரேஷன் அட்டையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஏற்கெனவே உள்ள நிலத்தோடு புதிய பங்கைக் கூட்டுங்கள்.

4. பங்கைப் பேசி முடித்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை ஒரு பங்குக்கு 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணத்தின் அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணம் இது.

5. உட்பிரிவோடு பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பட்டா வந்தவுடன் விவசாயி அடையாள எண், பி.எம். கிசான், உழவர் பாதுகாப்புத் திட்டம் மூன்றுக்கும் பிள்ளை பெயரில் பதிவு செய்யுங்கள்.

6. வரம்பு உண்மையிலேயே தாண்டினால் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

திட்ட விதிகள் அவ்வப்போது தளர்த்தப்படுகின்றன, மாற்றப்படுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள அரசாணையைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது எண்ணில் உள்ள கணக்கை மட்டும் இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, யார் கையெழுத்தும் தேவையில்லை.